சிலூவெட் ரைஃபிள் போட்டிக்குக் குண்டும் மருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

200 மீட்டரில் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் செம்மறிக்கடா. எல்லாம் இரும்புத் தகட்டில் வெட்டி எடுத்த உருவங்கள்; சிலூவெட் என்பது இவற்றின் பெயர். நின்றபடி சுட வேண்டும். தோள்வார் கிடையாது, சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது. ஐந்து உருவங்களுக்கு இரண்டரை நிமிடம், இடமிருந்து வலமாக, வரிசை மாறாமல். மெக்சிகோவில் 1948இல் இரும்பு உருவங்களோடு தொடங்கிய இந்த விளையாட்டில் ஒரு விதிதான் குண்டுத் தேர்வையே புரட்டிப் போடுகிறது: பட்டால் போதாது, உருவம் பீடத்திலிருந்து விழ வேண்டும். பட்டும் நின்றுகொண்டிருந்தால் அது தவறிய குறிதான்.

கீழே உள்ளவை பெரும்பாலும் பெரிய காலிபர் (குழல் துளையின் விட்டம்) ரைஃபிள் பற்றியவை. கரிமருந்து (புகை கக்கும் பழைய வகை), நெம்புபிடியை இயக்கித் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள், சிறிய .22 பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். எத்தனை கிரெயின் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறிய எடை அலகு) மருந்து போட வேண்டும் என்ற அளவு எங்கும் இருக்காது. ஏன் என்பதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

குண்டிலிருந்து தொடங்குவதா, மருந்திலிருந்தா?

குண்டிலிருந்து. அதிலும் 500 மீட்டர் கடாவை வீழ்த்தும் குண்டிலிருந்து. அதைத் தீர்மானித்துவிட்டால் புரியின் (குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய திருகுப் பள்ளம்) சுற்று, கேஸின் (மருந்து நிரப்பும் தோட்டாக் கூடு) கொள்ளளவு, மருந்தின் எரிவேகம் எல்லாம் வரிசையாகத் தானே வந்து நிற்கும். 'நல்ல மருந்து' ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ற குண்டைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். கையிலிருக்கும் மருந்து தீர வேண்டும் என்பது தவிர அதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

கடா விழ எவ்வளவு அடி தேவை? ஆற்றலைப் பார்ப்பதா, உந்தத்தைப் பார்ப்பதா?

உந்தத்தை. அதாவது எடையை வேகத்தால் பெருக்கி வரும் எண். ஆற்றல் என்பது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. குண்டு இரும்பில் மோதிச் சிதறும்போது அதில் பெரும்பகுதி வெப்பமாகவும், ஈயம் நசுங்கிப் பறப்பதிலும் போய்விடும். கடாவைப் பின்னால் தள்ளுவது உந்தம்தான். கதவை ஓங்கி அறைவதற்கும் தோள் கொடுத்துத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

எண்களோடு பார்க்கலாம். கீழ்க்கண்டவை தோராயக் கணக்குகள். உங்கள் குழலின் நீளமும் இடத்தின் உயரமும் கொஞ்சம் மாற்றும். உந்தம் கிலோகிராம்-மீட்டர்/வினாடியில். .308 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்.

6 மிமீ, 105 கிரெயின் குண்டு (6.8 கிராம்): குழல்வாயில் வினாடிக்கு 900 மீட்டர், 500 மீட்டரில் சுமார் 610. உந்தம் 4.1.
6.5 மிமீ, 140 கிரெயின் (9.1 கிராம்): 823இல் கிளம்பி 575 மிஞ்சும். உந்தம் 5.2.
.308, 168 கிரெயின் (10.9 கிராம்): 808இல் கிளம்பி 515 மிஞ்சும். உந்தம் 5.6.
7 மிமீ, 168 கிரெயின், நீண்டு மெலிந்த வகை: 790இல் கிளம்பினாலும் 560 மிஞ்சும். உந்தம் 6.1.

.308ஐயும் 6 மிமீயையும் ஒப்பிடுங்கள். 500 மீட்டரில் ஆற்றலில் .308 முந்துவது 14 விழுக்காடுதான். உந்தத்திலோ 35 விழுக்காடு. 'என் 6 மிமீ கடாவின் மேல் பட்டது, மணி அடித்தது, விழவில்லை' என்ற புலம்பல் எங்கிருந்து வருகிறது என்பது இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கிறது.

பட்ட இடமும் கணக்கில் வரும். கடா சுமார் 25 கிலோ எடை, கால்களில் நிற்கிறது. முதுகோரமாகப் பட்டால் நெம்புகோல் விளைவில் எளிதில் சாயும். காலடியிலோ வயிற்றுக்குக் கீழேயோ பட்டால் பெரிய குண்டும் திணறும். பீடத்தில் கடா எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, பின்காற்றா எதிர்காற்றா என்பவையும் சேரும். அதனால் 'இவ்வளவு உந்தம் இருந்தால் நிச்சயம்' என்று ஒரே கோடு போட முடியாது. என் கணிப்பில் 5ஐ ஒட்டி இருந்தால் உடம்பில் சரியாகப் படுபவை விழுகின்றன. 4ஐ ஒட்டி இருந்தால் அவ்வப்போது ஒன்று நின்று உங்களைப் பார்க்கும்.

அப்படியானால் கனமான குண்டு, பெரிய தோட்டா, அதோடு கதை முடிந்ததா?

இல்லை. போட்டி ஒன்றுக்குப் பொதுவாக 40 குண்டுகள், அதற்கு முன் பயிற்சி எத்தனையோ. அத்தனையையும் உங்கள் தோள் வாங்க வேண்டும்.

உதையைக் கணக்கிடுவது எளிது: குண்டின் உந்தத்தோடு மருந்தின் எடையை சுமார் 1,200 மீ/வியால் பெருக்கிக் கூட்டுங்கள். மருந்து வாயுவாகப் பீறிடுவதும் உதைதான். வந்ததை ரைஃபிளின் எடையால் வகுத்தால் ரைஃபிள் பின்வாங்கும் வேகம் கிடைக்கும். சிலூவெட் ரைஃபிளின் எடை வரம்பு ஏறக்குறைய 4.6 கிலோ. அந்த எடைக்கு மேலே சொன்ன 6 மிமீ சுமார் 9 ஜூல் உதைக்கும், 6.5 மிமீ 12; 168 கிரெயின் போட்ட 7 மிமீயும் .308உம் 15, 16. வேட்டை ரைஃபிள் பிரிவில் வரம்பு இன்னும் குறைவு, சுமார் 4.1 கிலோ. அங்கே உதை இன்னும் கூடும்.

15 ஜூல் ஒன்றும் எலும்பை முறிக்காது. பெஞ்சில் உட்கார்ந்து சுட்டால் பொருட்படுத்தவே மாட்டீர்கள். ஆனால் இது நின்றபடி சுடும் ஆட்டம். முப்பதாவது குண்டில் விரல் தயங்கும், கண் முன்கூட்டியே சிமிட்டும். அந்தச் சிமிட்டலில் போகும் புள்ளிகளை எந்தக் குண்டும் மீட்டுத் தராது. எனவே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: கடாவை நம்பகமாக வீழ்த்தும் குண்டுகளில் எது தோளைக் குறைவாகத் தொடுகிறது? இந்தப் பக்கத்தில் என் பரிந்துரைகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

எந்தக் காலிபர்?

விதிப்படி 6 மிமீயும் அதற்கு மேலும். நடைமுறையில் .308 வின்செஸ்டரும் (1952) அதன் கேஸிலிருந்து பிறந்த குடும்பமும்தான் களத்தை ஆண்டன: .243 (1955), 7 மிமீ-08 ரெமிங்டன் (1980), .260 ரெமிங்டன் (1997). 7 மிமீ-08ஐத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்வதற்கு முன்பே .308 கேஸின் கழுத்தைச் சுருக்கிச் சிலூவெட் ஆட்டக்காரர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் இப்போது எங்கும் கிடைக்கிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது 6.5 மிமீ. உந்தம் போதும், உதை தாங்கும், காற்றில் நன்றாகப் போகும், நல்ல குண்டுகள் குவிந்து கிடக்கின்றன. கையில் ஏற்கெனவே .308 இருந்தால் அதை விற்க ஓட வேண்டாம். கடா அதைக் கண்டால் மரியாதையாக விழும்.

எல்லா உருவங்களுக்கும் ஒரே லோடா, தனித்தனியாகவா?

லோடு என்பது ஒரு தோட்டாவில் போடும் குண்டும் மருந்தும். இதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன, இரண்டிலும் பெரிய ஆட்டக்காரர்கள் உண்டு.

இரண்டு லோடுக்காரர்களின் வாதம் இப்படி: கோழி இலேசானது, 200 மீட்டர்தான், அதை வீழ்த்த 168 கிரெயின் எதற்கு? கோழி, பன்றி, வான்கோழி மூன்றுக்கும் 7 மிமீயில் 120, 130 கிரெயின் குண்டை மிதமான வேகத்தில் சுட்டால் 40இல் 30 குண்டுகளுக்கு உதை கணிசமாகக் குறையும். கடாவுக்கு மட்டும் கனமானது.

ஒரு லோடுக்காரர்கள் சொல்வது: இரண்டு குண்டு என்றால் இரண்டு தொலைநோக்கி அளவுகள், காற்றுக்கு இரண்டு மனக்கணக்கு, பெட்டி மாற்றி எடுக்கும் ஆபத்து.

7 மிமீயும் .308உம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு லோடு பயன் தரும் என்பேன். 6.5க்கு ஒரே லோடு போதும். அங்கே மிச்சமாகும் உதை, கூடும் குழப்பத்துக்கு ஈடாகாது. இரண்டு லோடு என்றால் கேஸின் அடிப்பக்கத்தை வெவ்வேறு நிற மையால் குறியுங்கள். பெட்டியின் மேல் மட்டும் எழுதுவது போதாது.

கோழிக்கு இலேசான குண்டை மிக வேகமாக அனுப்புவது மட்டும் வேண்டாம். இரும்பில் குழி பறிப்பது வேகம்தான், எடையல்ல. 200 மீட்டரில் சீறிப் பாயும் இலேசான குண்டுகள் கோழித் தகட்டை அம்மைத் தழும்பாக்கும். குழி விழுந்த தகடு அடுத்த குண்டின் துணுக்குகளை எங்கே திருப்பும் என்று சொல்ல முடியாது.

பாலிஸ்டிக் கெழு (காற்றுத்தடையை வெல்லும் திறனின் அளவு) உயர்ந்த குண்டுக்கு அதிகம் செலவழிக்கலாமா?

வான்கோழிக்கும் கடாவுக்கும், ஆம். கோழிக்கும் பன்றிக்கும் தேவையில்லை.

காற்று குண்டை எவ்வளவு ஒதுக்கும் என்பதற்கு ஒரு பழைய, அழகான சூத்திரம் உண்டு. குண்டு இலக்கை அடைய எடுத்த நேரத்திலிருந்து, காற்றுத்தடையே இல்லாவிட்டால் எடுத்திருக்கும் நேரத்தைக் கழியுங்கள். அந்தத் தாமதத்தைக் குறுக்குக்காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். அவ்வளவுதான். ஒதுங்கலுக்குக் காரணம் பயண நேரம் அல்ல, தாமதம்.

வினாடிக்கு நான்கரை மீட்டர் குறுக்குக்காற்றில் 500 மீட்டருக்கு மேலே சொன்ன .308 குண்டு சுமார் 65 செமீ ஒதுங்கும். 6.5 மிமீ 140 கிரெயின் சுமார் 50 செமீ. காற்றைக் கால்பங்கு தவறாக மதிப்பிட்டால் முன்னதில் 16 செமீ பிழை, பின்னதில் 12. நான்கு செமீ பெரிதில்லை என்று தோன்றும். வான்கோழியின் கழுத்துக்கும் வெட்டவெளிக்கும் இடையே பல நேரம் அதுதான் இருக்கிறது.

ஹாலோ பாயின்ட் மேட்ச் குண்டா, பிளாஸ்டிக் முனையா, வேட்டைக் குண்டா?

இரும்புக்கு எல்லாம் ஒன்றுதான். குண்டு விரிவதோ விரியாததோ இங்கே பொருட்டல்ல. ஒரே பெட்டியில் ஒன்றுபோல் இருக்கும் குண்டு வேண்டும், அதனால் படகுவால் (பின்புறம் குறுகும் வடிவம்) அமைந்த மேட்ச் வகைதான், அதாவது போட்டிக்கென்று செய்ததுதான், வழக்கம். அதன் முனையில் உள்ள சிறு துளை உற்பத்தி முறையால் வருவது. ஈயத்தைப் பின்னாலிருந்து அல்ல, முன்னாலிருந்து ஊட்டுவதால் அடிப்பாகம் சீராக அமைகிறது.

எஃகு உள்ளகம், கவசம் துளைக்கும் வகை, தீப்பொறி வகை எல்லாம் போட்டித்தளத்தில் கூடாது. மலிவாகக் கிடைத்த ராணுவ உபரிக் குண்டு என்றால் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் உறையிலாவது உள்ளேயாவது எஃகு இருக்கிறது. தளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

என் குழலின் புரி இந்தக் குண்டைத் தாங்குமா?

குண்டின் எடையைக் கேட்காதீர்கள், நீளத்தைக் கேளுங்கள். கிரீன்ஹில் சூத்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது, இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு உதவும்: குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால், புரி ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டிய தொலைவு கிடைக்கும். 6.5 மிமீ குண்டின் உண்மை விட்டம் 6.71 மிமீ. நீளம் 35 மிமீ என்றால் விடை 193 மிமீ, அதாவது ஏழரை அங்குலத்துக்குச் சற்று மேல். சூத்திரம் இன்றைய வேகங்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பானது. நடைமுறையில் 8 அங்குலப் புரி அந்தக் குண்டை நன்றாகவே நிலைநிறுத்துகிறது.

தடுமாறும் இடம் பழைய .243கள். 10 அங்குலப் புரி கொண்டவை 105 கிரெயின் நீளக் குண்டுகளை நிலைநிறுத்தாது. அட்டையில் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் குண்டு பக்கவாட்டில் சாய்ந்து போகிறது என்று பொருள். அதற்கு மருந்தை மாற்றிப் பயனில்லை. .308இல் 12 அங்குலப் புரி 168 கிரெயினோடு நிறுத்திக்கொள்வது நல்லது; 175க்கு மேல் போக 10 அல்லது 11 அங்குலம் வேண்டும்.

குண்டை எவ்வளவு ஆழம் உட்காரவைப்பது?

முதலில் மேகசினில் அடங்க வேண்டும். பிறகு புரியின் தொடக்கத்துக்கும் குண்டுக்கும் இடையில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். பக்கவளைவு மிதமான குண்டுகள் இடைவெளியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மிக மெலிந்த கூர்முனைக் குண்டுகள் பிடிவாதம் பிடிக்கும். அவற்றுக்குத்தான் சிறு சிறு படிகளாக ஆழத்தை மாற்றித் தேட வேண்டும். புரியில் அழுந்தும்படி உட்காரவைப்பது அழுத்தத்தைக் கூட்டும். மேலும் சுடாமல் போல்ட்டைத் திறந்தால் குண்டு குழலிலேயே தங்கி மருந்து கொட்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது. போட்டிக்கு அது வேண்டாம்.

மருந்தின் எரிவேகத்தை எப்படித் தேர்வது?

மூன்று விஷயங்கள்: கேஸின் கொள்ளளவு, குழலின் துளை, குண்டின் எடை. கேஸ் பெரிதாக, துளை சிறிதாக, குண்டு கனமாக ஆக, மெதுவாக எரியும் மருந்து தேவைப்படும். ஒரே .308 கேஸ் குடும்பத்துக்குள்ளேயே இதைக் காணலாம். .308க்கும் 7 மிமீ-08க்கும் நடுத்தர வேக மருந்துகள்: வார்கெட், ஐஎம்ஆர் 4064, ரீலோடர் 15, விட்டாவூரி என்140. கழுத்து 6.5க்கும் 6க்கும் சுருங்கியதும், கனமான குண்டுக்கு எச்4350 போன்ற மெதுவான மருந்து பொருந்துகிறது.

கையேட்டில் உங்கள் குண்டுக்கு ஏழெட்டு மருந்துகள் இருக்கும். அவற்றில் கேஸை ஏறத்தாழ நிரப்பும் மருந்தாகப் பாருங்கள். நிரம்பிய கேஸில் மருந்து ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் கிடக்கும், வேகம் சீராக இருக்கும். இன்னொரு நன்மை, தவறி இரண்டு முறை ஊற்றினால் வழிந்து கொட்டும். கேஸில் பாதியை மட்டும் நிரப்பும் வேகமான மருந்து இரட்டிப்பானால் கண்ணுக்குத் தெரியாது.

பெயரில் கவனம். எச்4350 வேறு, ஐஎம்ஆர் 4350 வேறு. எச்4895 வேறு, ஐஎம்ஆர் 4895 வேறு. எண் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. மறுபுறம், வார்கெட்டும் ஆஸ்திரேலியத் தயாரிப்பான ஏஆர்2208உம் ஒரே மருந்து, எச்4350உம் ஏஆர்2209உம் அப்படியே. ஆனாலும் கையிலுள்ள டப்பாவின் பெயருக்கு உரிய கையேட்டையே திறங்கள்.

வெயிலில் மருந்து மாறுமா?

மாறும். எல்லா மருந்தும் வெப்பத்தில் கொஞ்சம் வேகமாக எரியும், சில அதிகமாக. ஒரு டிகிரிக்கு வினாடிக்கு அரை மீட்டர் ஏறும் மருந்து என்று வையுங்கள். காலை 20 டிகிரியில் அளவு பார்த்துவிட்டு நண்பகல் 40இல் கடாவைச் சுட்டால் வேகம் 10 மீ/வி கூடியிருக்கும். 6.5 மிமீயில் 500 மீட்டரில் குண்டு சுமார் 6 செமீ மேலே போகும். குறி தவறும் அளவு அல்ல அது. கவலை அழுத்தத்தைப் பற்றித்தான்: குளிரில் உச்ச வரம்பைத் தொட்டு வைத்த லோடு வெயிலில் வரம்பைத் தாண்டும். வெப்பநிலைக்கு அசையாதபடி வடிவமைத்த மருந்துகள் (வார்கெட், எச்4350 அந்த வரிசையில் வருபவை) வெப்பமான இடத்தில் சுடுபவர்களுக்குக் கூடுதல் விலைக்குத் தகும். எதுவானாலும் தோட்டாவை நிழலில் வையுங்கள். சூடேறிய குழலின் அறையில் தோட்டாவை ஏற்றிவிட்டு நீண்ட நேரம் குறிபார்க்கவும் வேண்டாம்.

உருண்டை மருந்தா, குச்சி மருந்தா?

உருண்டை வகை அளவையிலிருந்து தண்ணீராக ஓடும். குச்சி வகை சிக்கும், ஆனால் வெப்பத்துக்கு நிலையான மருந்துகள் பெரும்பாலும் குச்சி வகையிலேயே இருக்கின்றன. நான் குச்சி வகையை எடுத்துத் தராசில் நிறுப்பேன். 0.1 கிரெயின் துல்லியம் போதும். 40 கிரெயினை ஒட்டிய அளவில் 0.1 கிரெயின் பிழை வேகத்தில் வினாடிக்கு ஓரிரு மீட்டர். கடாவில் ஒரு செமீ. குச்சி குச்சியாகச் சாமணத்தால் எடுத்துப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் மீட்டரில் படுத்துச் சுடுபவருக்கு அது பொருந்தலாம். நின்று சுடுபவர் அந்த மணிநேரத்தைக் காலி ரைஃபிளைத் தூக்கிப் பிடித்துக் குறிபார்க்கும் பயிற்சிக்குக் கொடுத்தால் அதிகம் கிடைக்கும்.

லோடு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்?

ஒரு கோண நிமிடம், அதாவது 200 மீட்டரில் ஏறக்குறைய 6 செமீ, 500 மீட்டரில் 14.5 செமீ. அதற்குள் பத்துக் குண்டுகள் நின்றால் லோடு தயார். அரை நிமிடத்துக்குக் குறைக்க மாதக்கணக்கில் உழைப்பது வீண் என்று சொல்லமாட்டேன், மனத்துக்கு உரம். ஆனால் நின்று சுடும் நல்ல ஆட்டக்காரரின் கை ஆட்டமே அதைப்போல் பல மடங்கு.

பத்துக் குண்டுகள் என்பதை வலியுறுத்துகிறேன். மூன்று குண்டுகளின் கூட்டம் சில நேரம் தற்செயலாகவே சிறியதாக வரும். அதே லோடை மறுநாள் சுட்டால் அந்த 'அற்புதம்' காணாமல் போயிருக்கும். இரண்டு லோடுகளில் எது சிறந்தது என்று மூன்று மூன்று குண்டுகளை வைத்துத் தீர்ப்பு சொல்வதும் நாணயம் சுண்டுவதும் ஏறக்குறைய ஒன்று.

சரியான மருந்து அளவையே நேரடியாகச் சொல்லலாமே?

சொல்லமாட்டேன். ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகள் குழலைத் தொடும் பரப்பில் வேறுபடும். ஒரே பெயருள்ள கேஸ்கள் உட்கொள்ளளவில் வேறுபடும். ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வேறு, அறை வேறு, மருந்தின் தொகுதி வேறு. ஒருவரின் ரைஃபிளில் சாதுவான அளவு இன்னொன்றில் போல்ட்டைப் பூட்டிவிடும்.

மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டில் தொடக்க அளவு என்று ஒன்று இருக்கும். உச்ச அளவு மட்டும் இருந்தால் அதிலிருந்து 10 விழுக்காடு குறையுங்கள். அங்கிருந்து சிறு படிகளாக ஏறி, குரோனோகிராஃபில் வேகத்தைப் பாருங்கள். கையேடு உச்ச அளவுக்குச் சொல்லும் வேகம் உங்களுக்கு முன்கூட்டியே வந்துவிட்டால் அழுத்தமும் வந்துவிட்டது. ப்ரைமர் அழகாக இருந்தாலும் நிறுத்துங்கள். ப்ரைமர் தட்டையாவது, கேஸின் அடியில் பளபளப்பான தேய்ப்பு வட்டம் விழுவது, போல்ட் தூக்கக் கனப்பது எல்லாம் தாமதமாக வரும் அறிகுறிகள். எதையாவது ஒன்றை மாற்றினால், அது ப்ரைமரானாலும், மறுபடி கீழிருந்து.

வீட்டில் தோட்டா நிரப்புவதற்கு அனுமதி உண்டா, மருந்து எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே மற்றதெல்லாம். அனுமதி இல்லாத இடத்தில் தொழிற்சாலை மேட்ச் தோட்டாவை வாங்குங்கள். குண்டைப் பற்றி மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும்.

பயிற்சிக்கு மருந்தைக் குறைத்துப் போடலாமா?

எல்லா மருந்தையும் அல்ல. மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கேஸில் இஷ்டத்துக்குக் குறைத்தால் சீரற்று எரிந்து, குண்டு குழலில் தங்குவதிலிருந்து திடீர் அழுத்தம் வரை எதுவும் நடக்கலாம். எச்4895க்கு ஹாட்ஜ்டன் நிறுவனமே கையேட்டு உச்ச அளவின் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் குறைக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. கோழிக்கான மென்மையான லோடுக்கும் அது நல்ல தேர்வு.

குழல் எத்தனை குண்டு தாங்கும்?

.308 ஐயாயிரம் வரை போகும். 6.5 கிரீட்மோர் ஏறக்குறைய இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம். .243 அதற்கும் முன்பே தொண்டையில், அதாவது புரி தொடங்கும் இடத்தில், அரிக்கும். சிறிய துளையில் அதிக மருந்தை எரிப்பதன் விலை இது. வேகத்தில் 20 மீட்டரை விட்டுக்கொடுத்தால் குழலும் தோளும் நீடிக்கும்.

ப்ரைமர், கேஸ்?

ஒரே தயாரிப்பு, ஒரே தொகுதி, ஒரே அளவு முறை சுட்டவை. அதற்கு மேல் இந்த ஆட்டத்தில் தேவையில்லை.

கரிமருந்துப் போட்டிக்கு?

அது தனி உலகம். 1896க்கு முந்தைய வடிவமைப்பு ரைஃபிள், .45-70 (1873இல் பிறந்தது) போன்ற தோட்டா, 500 கிரெயினைத் தொடும் ஈயக் குண்டு. உந்தம் பற்றிக் கவலையே வேண்டாம், கடா தூக்கி எறியப்படும். பிரச்சினை கரி. குண்டில் ஈயத்தோடு தகரம் 20க்கு 1 அல்லது 16க்கு 1, பள்ளங்களில் மசகு, சுட்டபின் குழாய் வழியாக ஊதி உள்ளே ஈரம் ஏற்றுவது. கரி காய்ந்து இறுகினால் அடுத்த குண்டு எங்கே போகும் என்று குண்டுக்கே தெரியாது.

மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்கவே கூடாது. புகையில்லா மருந்தைக் கரிமருந்தின் அளவில் ஊற்றினால் ரைஃபிள் வெடிக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து நிரப்பாதீர்கள்.

லீவர் ரைஃபிள் பிரிவுக்கு?

50, 100, 150, 200 மீட்டர். .30-30க்கு வார்ப்பு ஈயக் குண்டே போதும். குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனைக் குண்டு முன்னால் இருப்பதன் ப்ரைமரைக் குத்தும். தட்டை முனை அல்லது அதற்கென்றே செய்த நெகிழ்முனை மட்டும்.

.22க்கு?

40, 60, 77, 100 மீட்டர். எல்லாம் பெரிய ஆட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, உருவங்களும் அப்படியே. இங்கே நிரப்புவதற்கு எதுவுமில்லை. வெவ்வேறு தயாரிப்பு, வெவ்வேறு தொகுதி எண் வாங்கிச் சுட்டுப் பார்த்து, உங்கள் குழலுக்குப் பிடித்த தொகுதியை மொத்தமாக வாங்குவதுதான் வேலை.

அதிவேக .22 காற்றில் குறைவாக ஒதுங்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறு. ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு தடையில் வேகத்தைச் சட்டென்று இழக்கிறது. முன்பு சொன்ன தாமதம் அதற்கு அதிகம். வினாடிக்கு 330 மீட்டர் போல ஒலிவேகத்தை ஒட்டிக் கிளம்பும் சாதாரண வேகத் தோட்டா 100 மீட்டரில் குறைவாகவே ஒதுங்கும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் வேகத்தைப் போட்டிருப்பதை விட்டுவிட்டு அதை எடுங்கள்.

பழைய மருந்து இருக்கிறது. பயன்படுத்தலாமா?

டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். நல்ல மருந்து ஈதர் போலவோ மெல்லிய கரைப்பான் போலவோ மணக்கும். கெட்டது புளித்த அமில நெடி அடிக்கும். சில நேரம் துருநிறத் தூசியோ செம்பழுப்புப் புகையோ தெரியும். சிதையத் தொடங்கிய மருந்து தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். வீட்டில் வைத்திருக்காமல் உள்ளூர் விதிப்படி அப்புறப்படுத்துங்கள்.

பெயர்ச்சீட்டு இல்லாத டப்பா, அல்லது வேறு டப்பாவுக்கு மாற்றிய மருந்து என்றால் மணம் நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. நிறத்தையும் குச்சியின் நீளத்தையும் பார்த்து இன்னதென்று சொல்ல யாராலும் முடியாது. அளவையில் மிஞ்சியதை அன்றன்றே அதன் சொந்த டப்பாவில் கொட்டி, மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பா மட்டும் இருக்கும்படி வைத்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது.